அகச்சிவப்பின் நிறங்கள்: ஃபில்டரும் ஒயிட் பேலன்ஸும் செய்யும் கணக்கு

வெளுத்த தென்னந்தோப்பையும் கருத்த குளத்து நீரையும் காட்டும் அகச்சிவப்புப் படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, அந்த நிறங்கள் கணினியில் பூசப்பட்டவையா என்பதுதான். கேள்வி நியாயமானதே. கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. ஆகவே படத்தில் தெரியும் நிறம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் ஒரே பொருளிலிருந்து வெவ்வேறு அளவில் ஒளியைப் பெறுகின்றன. அந்த வேறுபாடே நிறமாகிறது. எவ்வளவு வேறுபாடு மிஞ்ச வேண்டும் என்பதை லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் முடிவு செய்கிறது. எந்தப் பொருளில் அந்த வேறுபாட்டை இல்லாததாகக் கொள்ள வேண்டும் என்பதை ஒயிட் பேலன்ஸ் முடிவு செய்கிறது. இவ்விரண்டின் வேலையையும் பிரித்தறிந்துகொண்டால், எந்தக் காட்சிக்கு எந்த ஃபில்டரை மாட்டுவது என்பதைப் படமெடுப்பதற்கு முன்பே ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியும் என்பது என் அனுபவம்.

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் காண்கிறது. கேமரா சென்சார் செய்யப்படும் சிலிக்கனோ ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை உணரக்கூடியது. இந்த மிகையான உணர்திறன் சாதாரணப் படங்களின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்தே கேமராக்கள் விற்கப்படுகின்றன. அந்தத் தடுப்பு வலுவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2006-இல் வெளிவந்த லைக்கா எம்8 நல்ல சான்று. அதன் தடுப்புக் கண்ணாடி மெல்லியதாக இருந்ததால், செயற்கை இழையால் நெய்த கறுப்பு உடைகள் படங்களில் கத்தரிப்பூ நிறம் கலந்து தெரிந்தன. அந்நிறுவனமே லென்ஸின் முன் மாட்டும் தடுப்பு ஃபில்டர்களை வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக அளித்தது. அந்தக் கண்ணாடியை முழுவதுமாக எடுத்துவிட்டு, அவ்விடத்தில் எல்லா அலைநீளங்களையும் அனுமதிக்கும் தெளிந்த கண்ணாடியைப் பொருத்தினால் கிடைப்பது முழு நிறமாலைக் கேமரா. எந்த ஒளி உள்ளே வர வேண்டும் என்ற முடிவு அதன்பின் நம் கையில் உள்ள ஃபில்டருக்கு வந்துவிடுகிறது. ஒரே அலைநீளத்திற்கு மட்டும் மாற்றியமைக்கப்பட்ட கேமராவைவிட இதையே நான் விரும்புவதற்குக் காரணமும் அதுதான்.

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய சாயங்களுள் ஒன்று பூசப்பட்டுள்ளது. இந்தச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிரிப்பதற்காக உருவாக்கப்பட்டவை. அகச்சிவப்பில் அவை மெல்ல மெல்லத் தம் வேலையைக் கைவிடுகின்றன. 700 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில் சிவப்புச் சாயம் ஒளியைத் தாராளமாக விடுகிறது, மற்ற இரண்டும் பெரும்பாலும் தடுக்கின்றன. அலைநீளம் கூடக் கூட அவையும் திறந்துகொள்கின்றன. 850 நானோமீட்டரை எட்டும்போது மூன்று சாயங்களும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியை விடுகின்றன. அதாவது, ஆழ்ந்த அகச்சிவப்பில் மூவகைப் புள்ளிகளின் தனித்தனிப் பதிவுகளான மூன்று சேனல்களும் ஒரே படத்தையே மூன்று முறை பதிவு செய்கின்றன. அங்கே நிறமே இல்லை. அகச்சிவப்புப் படத்தில் நிறம் வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியையோ, குறைந்தபட்சம் 700-ஐ ஒட்டிய எல்லைப் பகுதியையோ உள்ளே விட்டே ஆக வேண்டும்.

இனிக் காட்சியின் பக்கம் வருவோம். உயிருள்ள இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் 680 முதல் 750 நானோமீட்டருக்குள் இலையின் இயல்பு செங்குத்தாக மாறுகிறது. பச்சையத்திற்கு அகச்சிவப்பில் வேலை இல்லை. இலையின் உட்புறத்திலுள்ள செல்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றறைகளுக்கும் நடுவே அவ்வொளி பலமுறை சிதறி, அதில் பெரும்பங்கு வெளியே திரும்பிவிடுகிறது. இலைகள் ஒளிர்வதுபோல் தோன்றும் இந்த விளைவு, 1910-இல் அகச்சிவப்பு நிலக்காட்சிப் படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட்டின் பெயரால் வுட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. வானத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 600 நானோமீட்டர் ஒளி 850 நானோமீட்டர் ஒளியைக் காட்டிலும் ஏறத்தாழ 4 மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. ஆகவே தெளிந்த வானம் அகச்சிவப்பில் இருண்டிருக்கும். அதிலிருந்து வரும் கொஞ்ச ஒளியும் குறுகிய அலைநீளப் பக்கமே சாய்ந்திருக்கும். நீர் அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால், ஆழமான நீர்நிலை கருத்துத் தெரிகிறது. இலை நீண்ட அலைநீளத்தில் வலிது, வானம் குறுகிய அலைநீளத்தில் வலிது: இந்த ஒரு முரணை வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லா நிறங்களும் பிறக்கின்றன.

ஃபில்டர்களுள் 850 நானோமீட்டருக்கு மேற்பட்டதை மட்டும் விடும் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கறுப்பு வெள்ளைக்கு உரியது. மாறுபாடு வலுவாகக் கிடைக்கும். ஒயிட் பேலன்ஸ் அங்கே ஒரு பொருட்டே அல்ல. பலரும் முதலில் வாங்குவது ஹோயா ஆர்72 போன்ற 720 நானோமீட்டர் ஃபில்டர். கண்ணுக்குப் புலப்படும் ஒளியை அது ஏறத்தாழ முழுவதும் அடைத்துவிட்டாலும், சிவப்புச் சாயம் மட்டும் திறந்திருக்கும் எல்லைப் பகுதியைக் கொஞ்சம் உள்ளே விடுகிறது. ஆகவே சேனல்களுக்கிடையே மெல்லிய வேறுபாடு மிஞ்சி, சிவப்பு, நீல சேனல்களை இடம் மாற்றிய பின் அடங்கிய நீல வானமும் வெண்மையான இலைகளும் கிடைக்கின்றன. கோயில் குளம், பழைய கோட்டைச் சுவர், மேகம் நிறைந்த மலைச்சரிவு போன்ற காட்சிகளுக்கு இந்த அடக்கமே பொருத்தம் என்பது என் கருத்து. 665 நானோமீட்டர் ஃபில்டரில் வேறுபாடு கூடுகிறது. 590 நானோமீட்டர் ஃபில்டரில் செம்மஞ்சள் ஒளியும் சிவப்பு ஒளியும் முழுமையாக உள்ளே வருவதால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. சிவப்பு சேனல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் அகச்சிவப்பையும் சேர்த்தே பெறுகிறது. நீல சேனலுக்கோ உரிய நீல ஒளி சிறிதும் வராததால், அது பெறுவது அகச்சிவப்பை மட்டுமே. பச்சை சேனல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நீல சேனல் தூய அகச்சிவப்புப் பதிவாக மாறிவிடுகிறது என்ற இந்தச் செய்தியைப் பின்னால் மீண்டும் பயன்படுத்தப் போகிறேன்.

ஒயிட் பேலன்ஸ் என்பது அடிப்படையில் மூன்று பெருக்கல் எண்கள். நாம் நடுநிலையானது என்று சுட்டிக்காட்டும் பொருளில் மூன்று சேனல்களும் சமமாகும்படி, ஒவ்வொரு சேனலையும் ஓர் எண்ணால் கேமரா பெருக்குகிறது. நிற வெப்பநிலையைக் குறிக்கும் கெல்வின் அளவெல்லாம் அந்தப் பெருக்கலுக்கு நாம் வைத்திருக்கும் வசதியான பெயர்களே. 720 ஃபில்டரை மாட்டிய கேமராவில் சிவப்பு சேனல் மற்ற இரண்டையும்விட மிக வலுவாக இருப்பதால், தானியங்கி ஒயிட் பேலன்ஸால் அந்த இடைவெளியை நிரப்ப முடிவதில்லை. படம் முழுவதும் செங்குருதி நிறத்தில் தோய்ந்துவிடுகிறது. வெயில் படும் புல்வெளியையோ செறிந்த இலைக்கூட்டத்தையோ சட்டகம் நிறையப் பிடித்து, அதைக் கொண்டு கேமராவிலேயே தனி ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள்வதே முறை. சில கேமராக்கள் எண்கள் எல்லைக்கு வெளியே போவதால் பிழைச்செய்தி காட்டி மறுத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ மீண்டும் முயலலாம்.

சென்சாரின் பதிவை மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாமே, களத்தில் ஏன் மெனக்கெட வேண்டும் என்ற எண்ணம் எழலாம். களத்தில் எடுப்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. கேமராவின் திரையில் நாம் பார்க்கும் ஹிஸ்டோகிராம் என்ற ஒளி அளவு வரைபடம், ரா தரவிலிருந்து வருவதில்லை. ஒயிட் பேலன்ஸ் பெருக்கல் முடிந்த ஜேபெக் படத்திலிருந்து வருகிறது. அகச்சிவப்பில் சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பி வழியும். ஒளிர்வை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் பச்சை சேனலுக்கே அதிக எடை தருவதால், சிவப்பு வழிந்துவிட்ட செய்தி அதில் மறைந்துபோகும். மூன்று சேனல்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, சிவப்பின் வலது ஓரத்தைப் பார்த்தே எக்ஸ்போஷரை முடிவு செய்கிறேன். வழிந்துபோன சிவப்பை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பின்னால் செய்யப்போகும் கணக்குகள் அனைத்தும் அந்த இடத்தில் பொய்த்துவிடும்.

எதை நடுநிலையாகக் கொள்வது என்ற கேள்விக்குத்தான் இந்தக் கலையில் மிகப் பெரிய இடம் இருக்கிறது என்று நம்புகிறேன். 590 ஃபில்டரில் எடுத்த ஒரே ரா கோப்பை எடுத்துக்கொள்வோம். இலையை நடுநிலை என்று சொன்னால், இலை வெண்மையாகிவிடும். காட்சியில் உள்ள மற்றவை அனைத்தும் இலையிலிருந்து விலகும் அளவுக்கு நிறம் பெறும். அதே கோப்பில் சிமென்ட் தரையையோ சாம்பல் நிற அட்டையையோ நடுநிலை என்று சொன்னால், சிவப்பைவிட அகச்சிவப்பை மிக அதிகமாகத் திருப்பும் இலை நீலப் பச்சையாக நிற்கும். சிவப்பு சேனலையும் நீல சேனலையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றியதும் அதுவே பொன் மஞ்சளாகிறது. 590 ஃபில்டரின் பெருமையாகச் சொல்லப்படும் பொன்னிற இலைகளில் ஃபில்டரின் பங்கு பாதிதான். மீதிப் பாதி இந்தத் தேர்வின் பங்கு. காவிரிப் படுகையில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் அடுத்தடுத்த வயல்களில் நடக்கும் புரட்டாசி நாட்களில் இதைத் தெளிவாகக் காணலாம். சாம்பல் நிறத்தை நடுநிலையாகக் கொண்ட படத்தில் வளர்ந்து நிற்கும் பச்சை வயல் பொன்னிறம் பெறுகிறது. முற்றிப் பழுத்த வயலிலோ பச்சையம் குன்றி, சிவப்பு ஒளியும் நன்கு திரும்புவதால், அது வெளிறி நடுநிலையை நெருங்குகிறது. இலையை நடுநிலையாகக் கொண்டால் இந்த வேறுபாடு இடம் மாறிவிடும்: பச்சை வயல் வெண்மையாகும், முற்றிய வயல் நிறம் கொள்ளும். இரண்டும் உண்மையான படங்களே. நாம் எதைச் சொல்ல வந்தோம் என்பதைப் பொறுத்தே தேர்வு அமைய வேண்டும்.

மென்பொருளில் பலர் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. கேமராத் திரையில் அழகாகத் தெரிந்த படம், அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் திறந்தவுடன் முழுச் சிவப்பாகிவிடும். லைட்ரூமின் வெப்பநிலை அளவுகோல் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்குவதில்லை. அகச்சிவப்புக்குத் தேவையான பெருக்கல் எண்களோ அதற்கும் கீழே உள்ளன. இதற்குத் தீர்வாக, அடோபியின் டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டர் என்ற தனிக் கருவியில் நம் கேமராவின் ரா கோப்பை டிஎன்ஜி என்ற அடோபி வடிவத்துக்கு மாற்றித் திறந்து, ஒயிட் பேலன்ஸ் அளவுத்திருத்தத்தில் வெப்பநிலையைக் குறைந்தபட்ச எல்லைக்கு இழுத்து, அதை ஒரு கேமரா புரொஃபைலாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்த பிறகு லைட்ரூமின் அளவுகோல் நமக்குத் தேவையான பகுதியை எட்டிவிடும். இலவச மென்பொருள்களில் இந்தச் சுற்று வழி தேவைப்படுவதில்லை: ராதெரபி 1500 கெல்வின் வரை இறங்குகிறது, டார்க்டேபிள் பெருக்கல் எண்களையே நேரடியாக மாற்ற அனுமதிக்கிறது. கணக்கைக் கண்முன் காட்டுவதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டார்க்டேபிளையே பரிந்துரைப்பேன்.

சிவப்பு, நீல சேனல்களின் இடமாற்றம் எளிது. ஒயிட் பேலன்ஸ் முடிந்த படத்தில் வானம் பழுப்பாக இருக்கும்; வானத்தின் ஒளி குறுகிய அலைநீளப் பக்கம் சாய்ந்திருப்பதும், அந்தப் பக்கத்தைச் சிவப்பு சேனலே பெறுவதும் அதற்குக் காரணம். சேனல் மிக்சரில் சிவப்பின் வெளியீட்டில் சிவப்பை 0 என்றும் நீலத்தை 100 என்றும், நீலத்தின் வெளியீட்டில் அதற்கு நேர்மாறாகவும் வைத்தால் வானம் நீலமாகிவிடும். இதைக் கண்ணுக்குப் பழகிய வானத்தை வரவழைக்கும் ஒப்பனை என்று மட்டும் கருதத் தேவையில்லை. குறுகிய அலைநீளத்தை நீலமாகவும் நீண்ட அலைநீளத்தை சிவப்பாகவும் காட்டுவதே இயற்கையின் வரிசை. இடமாற்றம் அந்த வரிசையைத்தான் மீட்டுத் தருகிறது. நீலத்தையும் அகச்சிவப்பையும் மட்டும் விட்டு நடுவில் உள்ளதைத் தடுக்கும் ஆழ்ந்த நீலக் கண்ணாடியை மாட்டினால், இந்த இடமாற்றமே தேவையில்லை: அப்போது நீல சேனல் நீல ஒளியைப் பெறுகிறது, சிவப்பு சேனல் அகச்சிவப்பை மட்டும் பெறுகிறது, வரிசை கேமராவிலேயே சரியாக அமைந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் ஃபில்டர். கொடாக் நிறுவனத்தின் ஏரோகுரோம் என்ற அகச்சிவப்பு நிறப் படச்சுருளோடு ராட்டன் 12 என்ற மஞ்சள் ஃபில்டரைச் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. அந்தச் சுருளின் மூன்று அடுக்குகளும் முறையே பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உணர்ந்தன. மூன்றுமே நீலத்தையும் உணர்ந்ததால், நீலத்தை முற்றாக விலக்க மஞ்சள் ஃபில்டர் இன்றியமையாததாக இருந்தது. பச்சை ஒளி நீலமாகவும், சிவப்பு ஒளி பச்சையாகவும், அகச்சிவப்பு சிவப்பாகவும் படத்தில் வெளிப்பட்டன. காடுகள் செந்நிறத்தில் பற்றி எரிந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பச்சை வண்ணம் பூசிய மறைப்பு வலைகளை உண்மையான இலைகளிலிருந்து பிரித்தறிய இத்தகைய படச்சுருள் உருவாக்கப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. சுருளில் இலை மட்டுமே சிவக்கும். அந்தச் சுருளின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

முழு நிறமாலைக் கேமராவும் மஞ்சள் ஃபில்டரும் இருந்தால் அந்தப் படத்தைக் கணக்கிட்டே பெறலாம். மஞ்சள் ஃபில்டர் நீலத்தை விலக்குகிறது. ஆகவே நீல சேனலில் இருப்பது அகச்சிவப்பு மட்டும். சிவப்பு சேனலில் சிவப்பும் அகச்சிவப்பும், பச்சை சேனலில் பச்சையும் அகச்சிவப்பும் கலந்துள்ளன. சிவப்பு சேனலிலிருந்து நீல சேனலைக் கழித்தால் தூய சிவப்பு கிடைக்கிறது. பச்சை சேனலிலிருந்து நீல சேனலைக் கழித்தால் தூய பச்சை கிடைக்கிறது. இனி வெளியீட்டுப் படத்தின் சிவப்பில் அகச்சிவப்பையும், பச்சையில் தூய சிவப்பையும், நீலத்தில் தூய பச்சையையும் வைத்தால் ஏரோகுரோம் முறை அப்படியே நிறைவேறிவிடுகிறது. இந்தக் கழித்தலை ஒயிட் பேலன்ஸ் செய்யாத, ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ள நேர்கோட்டுத் தரவின் மீதே செய்ய வேண்டும். ஒயிட் பேலன்ஸ் கடைசியில், தூய சேனல்கள் கிடைத்த பின்னர், சாம்பல் அட்டையைக் கொண்டு செய்யப்பட வேண்டும். வழக்கமான அகச்சிவப்பு முறையில் முதலில் நிற்கும் ஒயிட் பேலன்ஸ் இங்கே கடைசிக்குப் போய்விடுகிறது.

கழிக்க வேண்டிய அளவு சிவப்பு, பச்சை ஆகிய இரு சேனல்களுக்கும் ஒன்றல்ல. அதைக் கண்டுபிடிக்க, அதே ஒளியில் 850 ஃபில்டரை மாட்டி ஒரு படம் எடுத்து, அதன் ரா தரவில் சிவப்பும் பச்சையும் நீலத்தைப் போல் எத்தனை மடங்கு இருக்கின்றன என்று பார்க்கிறேன். அந்த விகிதங்களே தொடக்கக் கழித்தல் எண்கள். 700-க்கும் 800-க்கும் இடையே சிவப்புச் சாயம் கூடுதலாகத் திறந்திருப்பதால், சிவப்புக்குரிய எண்ணைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். செழித்த இலை கண்ணுக்குத் தெரியும் சிவப்பைப் பெரும்பாலும் திருப்பாது என்பதால், இலையில் தூய சிவப்பு மிகக் குறைவாக வரும்வரை கூட்டுவது நல்ல அளவுகோல். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறுவதால், இரைச்சல் புள்ளிகள் கூடும் என்பதே இம்முறையின் முதன்மையான குறை. குறைந்த ஐஎஸ்ஓவும் நல்ல வெயிலும் இதற்கு அவசியம். ஏரோகுரோம் தோற்றத்தைக் கணக்கில்லாமல் நேரடியாகத் தருவதற்கென்றே செய்யப்பட்ட ஐஆர் குரோம் போன்ற ஃபில்டர்களும் விற்கப்படுகின்றன. விரைந்து நகரும் காட்சிகளுக்கு அவை உதவும். ஆயினும், எந்தச் சேனலில் என்ன இருக்கிறது என்பதை அறிந்து செய்யும் கழித்தலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஏரோகுரோமின் இந்த நிற வரிசை நம் நாட்டுக்கு அயலானது அல்ல என்பதையும் சொல்ல விரும்புகிறேன். 1970-ஐ ஒட்டிய காலத்தில், இந்தியத் தொலையுணர்வியலின் தந்தை என்று போற்றப்படும் பி. ஆர். பிஷாரோட்டியின் முயற்சியால், கேரளத் தென்னந்தோப்புகளில் வேர் வாடல் நோயைக் கண்டறிய ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படங்கள் எடுக்கப்பட்டன. நலிந்த மரத்தின் ஓலை அகச்சிவப்பைத் திருப்பும் விதம் மாறுகிறது என்ற இலையின் இயல்பே அதற்கு அடிப்படை. 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் கேமராக்களும் அகச்சிவப்பு அலைவரிசை ஒன்றைக் கொண்டிருந்தன. பயிர்களைச் சிவப்பாகக் காட்டும் செயற்கைக்கோள் வரைபடங்களைப் பார்த்தவர்கள், ஏரோகுரோமின் அதே நிற வரிசையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண நிலக்காட்சிக்குத் தவிர்க்கப்படும் நண்பகல் வெயில் இங்கே வரவேற்கத்தக்கது. மேகம் மூடிய நாளில் வானத்துக்கும் இலைக்கும் உள்ள முரண் சுருங்கிவிடும். இழை விளக்குகள் தம் ஆற்றலில் பெரும்பங்கை அகச்சிவப்பாகவே வெளியிட்டதால் வீட்டுக்குள்ளும் படமெடுக்க முடிந்தது. வெள்ளை எல்இடி விளக்குகளில் அகச்சிவப்பு அனேகமாக இல்லை, ஆகவே அவற்றின் கீழ் 720 ஃபில்டர் இருட்டைத்தான் காட்டும். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று தோன்றும். உட்புறப் பூச்சுகள் அகச்சிவப்பைத் திருப்பிவிடுவதால் வரும் இது, லென்ஸின் துளையைச் சுருக்கச் சுருக்கத் தெளிவாகத் தெரியும். சேனலுக்குச் சேனல் அதன் வலிமை மாறுபட்டால், ஒயிட் பேலன்ஸாலும் அதை நீக்க முடியாது. லென்ஸை மாற்றுவதே வழி.

முழு நிறமாலைக் கேமராவை வழக்கமான படங்களுக்கும் பயன்படுத்த விரும்பினால், அகச்சிவப்பையும் புற ஊதாவையும் தடுக்கும் ஃபில்டரை லென்ஸின் முன் மாட்டிக்கொள்ளலாம். ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு வகை ஃபில்டர்கள் அகன்ற கோண லென்ஸ்களில் சாய்ந்து வரும் கதிர்களை வேறு விதமாக நடத்துவதால், படத்தின் மூலைகளில் நீலப் பச்சை படிகிறது. ஆகவே அகன்ற கோணத்திற்கு அகச்சிவப்பைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளும் கண்ணாடி வகையையே வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடியின் நிறச்சாய்வு கேமராவில் முன்பிருந்த கண்ணாடியோடு முற்றிலும் ஒத்துப்போவதில்லை என்பதால், 590-க்கும் 720-க்கும் ஒதுக்கியதுபோல் அதற்கும் கேமராவின் நினைவில் ஒரு தனி ஒயிட் பேலன்ஸ் பதிவை ஒதுக்கி, சாம்பல் அட்டையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.